கீழே நீர், மேலே ஊர்

பக்கோலோட்

பிலிப்பைன்ஸின் நெக்ரோஸ் தீவில் கண் போகும் இடமெல்லாம் கரும்பு. மேற்குக் கடற்கரையில் தொடங்கும் தோட்டங்கள் கான்லாவோன் எரிமலையின் அடிவாரம்வரை ஒரே பச்சையாக ஏறிப் போகின்றன. எரிமலை 2,400 மீட்டருக்கு மேல் உயரம். நான் பார்த்த நேரமெல்லாம் அதன் தலை மேகத்துக்குள்தான் இருந்தது. வெட்டுக்காலம் என்பதால் சாலை முழுக்கக் கரும்பு லாரிகள். காற்றில் ஆலையின் புளித்த பாகு வாடை. நம் நெல்லிக்குப்பம் பக்கம் சர்க்கரை ஆலை ஓடும் நாளில் போனவர்களுக்கு அந்த வாடை பழக்கம்தான்.

நான் போனது கரும்பு பார்க்க அல்ல. இந்தத் தீவின் மலைச் சிற்றூர்களில் மின்சாரமும் டீசலும் இல்லாமல் குடிநீரை மேட்டுக்கு ஏற்றுகிறார்கள் என்று படித்திருந்தேன். அதை நேரில் பார்த்தாக வேண்டும் என்று பல நாள் ஆசை. ஆனால் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கரும்பைப் பார்க்காமல் அந்த நீரின் கதை விளங்காது என்று.

1856இல் பக்கத்துத் தீவான பனாயின் இலோயிலோ துறைமுகத்துக்குப் பிரிட்டிஷ் துணைத் தூதராக வந்தவர் நிக்கோலஸ் லோனி. கரும்பு பிழியும் இயந்திரங்களை வரவழைத்து, கடனுக்கும் கொடுத்து, நெக்ரோஸில் கரும்பு வைக்கச் சொல்லிப் பலரை அனுப்பினார். அடுத்த சில பத்தாண்டுகளில் தீவின் சமநிலம் பெரும்பாலும் 'அசியெண்டா' எனப்படும் பெருந்தோட்டங்களாகிவிட்டது. நிலம் சில குடும்பங்களிடம், வேலை ஆயிரக்கணக்கானவர்களுக்கு. அந்த வேலையும் ஆண்டு முழுக்கக் கிடையாது. வெட்டு முடிந்து ஆலை நின்றதும் கூலி நின்றுவிடும். அந்த மாதங்களைக் கடனில்தான் கடத்த வேண்டும்.

1980களின் நடுவில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை சரிந்தபோது முதலாளிகள் தோட்டங்களைத் தரிசாகப் போட்டார்கள். நெக்ரோஸில் பசி பரவியது. 1985 செப்டம்பர் 20 அன்று வடகரையில் எஸ்கலாண்டே நகரில் ஊர்வலம் வந்த விவசாயத் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து 20 பேர் இறந்தார்கள். வேலை இழந்த குடும்பங்கள் பல மலையேறின. பள்ளத்தாக்குக்கு மேலே, யாரும் உரிமை கொண்டாடாத சரிவுகளில் மரவள்ளியும் மக்காச்சோளமும் நட்டுக் குடிசை போட்டன. நீர் ஓடையில், ஓடை பள்ளத்தில், வீடு மேட்டில். அவர்களின் தண்ணீர்ப் பாடு தொடங்கியது அங்கேதான்.

மாலையில் பக்கோலோட் நகரின் சாலையோரக் கடையில் இனாசல் சாப்பிட்டேன். எலுமிச்சைப்புல், வினிகர், கலமான்சி எனும் குட்டி எலுமிச்சையின் சாறு, பூண்டு இவற்றில் ஊறவைத்த கோழியைக் குச்சியில் கோத்து, மஞ்சள் நிற எண்ணெய் தடவிக் கரியில் வாட்டித் தருகிறார்கள். சோற்றின் மேலும் அதே எண்ணெயை ஊற்றிக்கொள்ளலாம். கையால் பிசைந்து சாப்பிடுகிற ஊர் என்பதால் எனக்கு வேற்றூர் என்றே தோன்றவில்லை.

பட்டறை

பக்கோலோட் நகரத்தின் விளிம்பில் ஒரு பெரிய தகரக் கொட்டகை. வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. மாற்று மண்சார் மேம்பாட்டு அறக்கட்டளை என்று தமிழில் சொல்லத்தக்க 'ஐட்ஃபி' அமைப்பு 1990களின் தொடக்கத்திலிருந்து இந்தத் தீவில் வேலை செய்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆவுக்கே இட்ஸெங்கா. கப்பல் பொறியியல் படித்த டச்சுக்காரர், 1980களில் நெக்ரோஸுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். 2007இல் பிரிட்டனின் ஆஷ்டன் விருது, 2011இல் ஆசியாவின் பெரிய கௌரவமான ரமோன் மகசேசே விருது இரண்டும் இந்த அமைப்புக்குக் கிடைத்தன. அந்த 2011ஆம் ஆண்டு நம் நாட்டின் ஹரிஷ் ஹண்டேயும் நீலிமா மிஸ்ராவும் அதே விருதைப் பெற்றார்கள். நம் செய்தித்தாள்கள் அவர்கள் இருவரைப் பற்றி எழுதின. இந்தப் பட்டறையைப் பற்றி எழுதியதாக எனக்கு நினைவில்லை.

இங்கே செய்வது ராம் பம்ப். பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பருத்த இரும்புக் குழாய் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, அடியில் கிடையாக இன்னொரு குழாய், இரண்டு வால்வு. அவ்வளவுதான். சக்கரம் இல்லை, சுருள் இல்லை, எரிபொருள் ஊற்ற வாய் இல்லை. அங்கிருந்த வெல்டர் எனக்குக் காட்டிய விதம் எளிமையானது. சுவரோரம் இருந்த குழாயைத் திறந்து நீரை ஓடவிட்டு, பிடியைச் சட்டென்று மூடினார். சுவருக்குள் 'டங்' என்று ஓர் அடி. "இதுதான். இதற்கு மேல் ஒன்றும் இல்லை" என்றார்.

அந்த அடியைத்தான் வேலைக்குப் பிடிக்கிறார்கள். ஓடைநீரைச் சரிவாக ஓர் இரும்புக் குழாயில் இறக்குகிறார்கள். கடைசியில் உள்ள வால்வு திறந்திருக்கும். நீர் அதன்வழி வெளியே கொட்டும். வேகம் கூடக்கூட, ஓடுகிற நீரே அந்த வால்வை இழுத்து மூடிவிடுகிறது. பாய்ந்து வந்த நீர் போக இடமில்லாமல் நிற்கும்போது அதன் வேகம் அத்தனையும் அழுத்தமாக மாறுகிறது. அந்த அழுத்தம் இரண்டாவது வால்வைத் தள்ளித் திறந்து, நிமிர்ந்த குழாய்க்குள் இருக்கும் காற்றறைக்குள் கொஞ்சம் நீரை ஏற்றுகிறது. நெருக்கப்பட்ட காற்று அந்த நீரை மேலே போகும் மெல்லிய குழாயில் தள்ளுகிறது. அழுத்தம் தணிந்ததும் முதல் வால்வு மறுபடி திறக்கிறது. மறுபடி ஓட்டம், மறுபடி அடி. நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது, அறுபது தடவை, இரவும் பகலும்.

விழுகிற நீர் நிறைய, ஏறுகிற நீர் கொஞ்சம் என்பதை ஒப்புக்கொண்டால் கணக்கு புரிந்துவிடும். நிமிடத்துக்கு 60 லிட்டர் நீர் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, அதை 30 மீட்டர் மேலே ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். பம்ப் நூற்றுக்கு அறுபது பங்கு திறனோடு இயங்கினால் நிமிடத்துக்கு 3.6 லிட்டர் மேலே போகும். கேட்கும்போது அற்பமாகத் தெரியும். ஆனால் நிற்காமல் ஓடுவதால் ஒரு நாளில் 5,000 லிட்டரைத் தாண்டிவிடும். நாற்பது வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்குச் சுமார் 130 லிட்டர். மேலே ஏறாத மீதி நீர் வீணாவதில்லை. அது ஓடைக்கே திரும்பிப் போகிறது. கீழே இருப்பவர் வயலுக்கு அது அப்படியே கிடைக்கும்.

இதைக் கண்டுபிடித்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1772இல் இங்கிலாந்தின் செஷயரில் ஜான் வைட்ஹர்ஸ்ட் என்ற கடிகாரக்காரர், குழாயை ஆள் திறந்து மூடுவதன் அடியைக் கொண்டே நீர் ஏற்றிக் காட்டினார். 1796இல் பிரான்ஸில் ஜோசப் மோங்கோல்ஃபியே அந்த வால்வு தானாகவே திறந்து மூடும்படி செய்து, தன் காகித ஆலைக்கு நீர் ஏற்றினார். 1783இல் தம்பியோடு சேர்ந்து வெப்பக்காற்று பலூனைப் பறக்கவிட்டவரும் அவரேதான். பிறகு ஐரோப்பாவின் பண்ணைகளிலும் மாளிகைகளிலும் இந்தப் பம்புகள் நூறாண்டுக்கு மேல் ஓடின. இன்ஜினும் மின் மோட்டாரும் வந்ததும் மறந்துபோயின.

நெக்ரோஸ்காரர்கள் செய்த வேலை, அந்தப் பழைய பம்பை மலைக்காரன் கைக்கு வசப்படும்படி மாற்றியது. வார்ப்பு உலோகத்தில் செய்த நுட்பமான வால்வுக்குப் பதில் கதவுக் கீல். அதன் மேல் ரப்பர் துண்டு. அதிகம் தேய்வது இந்த இரண்டும்தான்; இரண்டும் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். எனக்கு மகசேசே விருதைவிடப் பெரிதாகப் பட்டது இந்தக் கதவுக் கீல்.

முர்சியா சாலை

பக்கோலோடிலிருந்து கிழக்கே முர்சியா வழியாக மலைக்குப் போகும் சாலை கரும்புக்குள்ளேயே நெடுந்தூரம் போகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் சாலையோரம் வரிசையாக வருகின்றன: மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, வாசலில் ஒரு முருங்கை. முருங்கைக் கீரையை இங்கே அன்றாடம் சமைக்கிறார்கள். பூசணி, வெண்டை, கத்தரியோடு போட்டு 'லஸ்வா' என்று ஒரு தெளிந்த குழம்பு. வாய்க்கு இதமான, நோயாளிக்கும் தரக்கூடிய குழம்பு.

சாலை வளைந்து ஏறத் தொடங்கியதும் கரும்பு மெலிந்து, திடீரென்று பைன் மரங்கள். டான் சால்வடோர் பெனெடிக்டோ என்ற மலை நகரம் வந்துவிட்டது. நகரத்துக்காரர்கள் குளிர் காண வருகிற இடம். வளைவுக்கு வளைவு கடைகள். மக்காச்சோளம், சர்க்கரைவள்ளி, வாழைப்பழம், கட்டுக்கட்டாக மலைக்கீரை. நாட்டு வெல்லத்தை உள்ளே வைத்துத் தட்டிச் சுட்ட 'பியாயா' ரொட்டியை ஒரு கடைக்காரப் பெண் சுடச்சுடக் கையில் வைத்தார். நம் வெல்லப் போளியைத் தின்று வளர்ந்தவர்களுக்கு அது அறிமுகம் தேவையில்லாத பண்டம்.

அழகான மலை. ஆனால் உற்றுப் பார்த்தால் எதிர்ச் சரிவுகள் மொட்டையாக இருப்பது தெரியும். பழைய காட்டின் பெரும்பகுதியை மரவெட்டும் கரும்பும் தின்றுவிட்டன. மிச்சக் காடு ஓடைகள் இறங்கும் மடுவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊற்றுகளும் அந்த மடுவுகளில்தான்.

மலைச் சிற்றூர்

தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து 'ஹபல்-ஹபல்' என்ற வாடகை மோட்டார் சைக்கிள், அதன் பிறகு நடை. முகட்டின் மேல் நாற்பது ஐம்பது வீடுகள், ஒரு சிறிய தேவாலயம், கூடைப்பந்துக் கம்பம். ஊர் நடுவே சிமென்ட் மேடையில் ஒரு தண்ணீர்க் குழாய். ஒரு சிறுமி அதன் கீழே தலையை நீட்டிச் சோப்பு நுரையோடு குளித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இடம் கொடுத்த மூதாட்டியை ஊரே 'நனாய்', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன். என் ஆங்கிலத்தை அவருடைய பேரன் இலோங்கோ மொழியில் சொன்னான். மதியச் சாப்பாடு துவரையும் பலாக்காயும் பன்றிக்கறியும் சேர்ந்த குழம்பு. புளிப்புக்குப் பத்வான் காய் போட்டிருந்தார். நம் குடம்புளிக்கு நெருங்கிய சொந்தம். இத்தனை கடல் தாண்டி வந்து துவரையும் பலாவும் ஒரே சட்டியில் வேகிறதைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை அவருக்கு விளக்கப் பார்த்தேன். அவர் இன்னொரு கரண்டி போட்டார்.

குழாய் வருவதற்கு முந்தைய நாட்களைப் பற்றிக் கேட்டேன். நனாய் எழுந்து வாசலுக்குப் போய்க் கீழே மடுவைக் காட்டினார். விடியுமுன் இறங்க வேண்டும். ஊற்றில் கூட்டம் இருந்தால் காத்திருக்க வேண்டும். இருபது லிட்டர் கேன் என்றால் இருபது கிலோ. அதைத் தோளில் வைத்துக்கொண்டு வழுக்குகிற மண்ணில் ஏற வேண்டும். பெரியவர்கள் வேலைக்குப் போனால் பிள்ளைகள் இறங்குவார்கள். பள்ளிக்கூட மணி அடித்த பிறகு ஈரச் சட்டையோடு போய் நிற்பார்கள். எருமை வைத்திருந்தவர்கள் சறுக்குக் கட்டையில் கேனைக் கட்டி இழுத்தார்கள். மழைக்காலத்தில் கலங்கல் நீர், பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் துணி அலசும் நீருக்கே இரண்டு நடை கூடும்.

"அப்படியானால் ஏன் இவ்வளவு மேலே வீடு கட்டினீர்கள்?" என்று கேட்டேன்.

நனாய் கேள்வியை நிதானமாகக் கேட்டுக்கொண்டார். அவருடைய அப்பா கீழே ஒரு தோட்டத்தில் கரும்பு வெட்டியவர். தோட்டம் நின்றபோது குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். கீழே ஓடைக்கரை நிலமெல்லாம் ஏற்கெனவே யாருடையதோ. "எங்களுக்கு விட்டது உச்சிதான்" என்றார். அதில் புகார் தொனியே இல்லை. மரவள்ளி எந்தப் பக்கம் நன்றாக வரும் என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்.

நம் ஊரிலும் மலைக்குடி மக்கள் சுனைக்கு இறங்கி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். அது மலை வாழ்க்கையின் இயல்பு என்றுதான் எண்ணியிருந்தேன். நெக்ரோஸில் அந்த ஏற்றம் இயற்கை வைத்தது அல்ல. நிலம் யாரிடம் போனது என்பதன் விளைவு. ராம் பம்ப் நீரை மேலே கொண்டுவந்துவிட்டது. நிலத்தை அதனால் கொண்டுவர முடியாது. நனாயின் பிள்ளைகள் இருவர் இன்றும் வெட்டுக்காலத்தில் கீழே கூலிக்குத்தான் இறங்குகிறார்கள்.

நீர்க் குழுவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று மாதம் ஒரு சிறு தொகை. கணக்கு நோட்டு நனாயின் மருமகளிடம். யார் கட்டவில்லை என்பது ஊருக்கே தெரியும். குழாயடியில் எருமையைக் குளிப்பாட்டக் கூடாது, கீரைப் பாத்திக்கு வழிகிற நீரை மட்டும்தான் விடலாம் என்று விதிகள் உண்டு. சண்டை வருமா என்று கேட்டதற்கு மருமகள் சிரித்துக்கொண்டே, "வரும். நீர் இல்லாத நாளில் வந்த சண்டைக்கு இது எவ்வளவோ மேல்" என்றார்.

ஊற்றடி

மறுநாள் காலை பம்பைப் பார்த்துக்கொள்ளும் இளைஞன் என்னைக் கீழே கூட்டிப்போனான். மூங்கிலும் பெரணியும் மண்டிய இறக்கம். பாதி வழியிலேயே சத்தம் கேட்கத் தொடங்கியது: டக், டக், டக். பத்தமடையில் பாய் நெய்பவர் அச்சை அடிப்பது போன்ற ஒரே சீரான தாளம்.

ஊற்றுக் கண்ணைச் சுற்றிக் கல் கட்டி மூடியிருக்கிறார்கள். மாடு மிதிக்காது, இலை விழாது. அங்கிருந்து சிறு தொட்டி. தொட்டியிலிருந்து இரும்புக் குழாய் சரிந்து இறங்குகிறது. பிளாஸ்டிக் குழாய் போட்டால் மலிவு ஆயிற்றே என்று கேட்டேன். அது அடியை உள்வாங்கி நெகிழ்ந்துவிடும், அழுத்தம் உருவாகாது என்றான். மேலே நீர் போகும் குழாய் மட்டும் பிளாஸ்டிக். இரும்புக் குழாயின் அடியில், வெள்ளம் வந்தாலும் அசையாதபடி சிமென்டில் புதைத்த பம்ப் நனைந்து பளபளத்தபடி துடித்துக்கொண்டிருந்தது. வால்வு மூடும் ஒவ்வொரு தடவையும் நீர் முழங்கால் உயரம் சிதறியது.

அவன் கையால் வால்வை அழுத்திப் பிடித்தான். தாளம் நின்றது. மடு முழுக்கத் திடீர் அமைதி. கீலைக் கழற்றி, தேய்ந்த ரப்பரைக் காட்டி, பையிலிருந்து பழைய டயரில் வெட்டிய வட்டத் துண்டைப் பொருத்தி முடுக்கினான். கையால் வால்வை நாலைந்து முறை அமுக்கிவிட்டதும் பம்ப் தானே பிடித்துக்கொண்டது. தேநீர் ஆற்றிக் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. காற்றறைக்குக் கீழே ஊசித்துளை ஒன்றையும் காட்டினான். அறையில் உள்ள காற்று கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரைந்து போகும். ஒவ்வொரு துடிப்பிலும் அந்தத் துளை ஒரு மடக்குக் காற்றை உறிஞ்சி ஈடுகட்டுகிறது. துளை அடைத்துக்கொண்டால் அறை நீரால் நிரம்பி, அடி குழாய்க்கே விழுந்து, பற்றவைத்த இடம் பிளந்துவிடும். ஊரில் முதலில் கற்றுத்தருவது இந்தத் துளையைக் குத்திச் சுத்தம் செய்வதைத்தான்.

"கரண்ட் போனால் ஓடும், புயல் அடித்தாலும் ஓடும். ஊற்று வற்றினால்தான் நிற்கும்" என்றான். ஆண்டின் முதல் பாதியில் வறண்ட மாதங்களில் நீர் குறைந்து தாளமும் தளர்கிறதாம். ஊற்றுக்கு மேலே இனி யாரும் மரம் வெட்டக் கூடாது என்று ஊர் முடிவு செய்திருக்கிறது. பத்வான், பலா, மூங்கில் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். இடுப்பளவு வளர்ந்த ஒரு பலாவை அவன் போகிற போக்கில் நிமிர்த்திக் கட்டிவிட்டு வந்தான்.

சான் கார்லோஸ்

மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் சான் கார்லோஸ் துறைமுகம். எதிரே தான்யோன் நீரிணை, அதற்கப்பால் செபுத் தீவு. இங்கும் கரும்பு, கரும்பிலிருந்து எரிசாராயம் எடுக்கும் ஆலை. 2014இல் இயங்கத் தொடங்கிய பெரிய சூரியமின் நிலையமும் இங்கேதான். கண்ணாடிப் பலகைகள் வயல் வயலாக விரிந்து கிடக்கின்றன.

இனி எல்லா மலையூருக்கும் சூரிய ஒளிப் பம்ப் போதுமே என்று பலர் சொல்கிறார்கள். ஓடை சரிவில்லாமல் கிடக்கும் இடத்தில், கிணற்றில் நீர் கிடக்கும் இடத்தில் அதுவே சரி. ராம் பம்புக்கு விழும் நீர் வேண்டும்; அது இல்லாத சமவெளிக்கு இது உதவவே உதவாது. ஆனால் சரிவில் வற்றாமல் நீர் ஓடுகிற இடத்தில் என் ஓட்டு கீலுக்கும் டயர் ரப்பருக்கும்தான். சூரியப் பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் நகரத்திலிருந்து ஆள் வர வேண்டும். அந்த ஆள் வராத ஊர்களில்தான் நீர்த்திட்டங்கள் செத்துப்போகின்றன. நம் நாட்டில் பூட்டிக் கிடக்கும் மோட்டார் அறைகளையும், குழாய் இருந்தும் குடத்தோடு இறங்கும் பெண்களையும் பார்த்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நீர் இறைக்கும் ஏற்றமும் கவலையும் போன பிறகு, பழுது பார்க்கும் வேலையையும் ஊரைவிட்டே அனுப்பிவிட்டோம். சமவெளியில் ஆயிரம் அடி ஆழ்துளையும் மோட்டாரும் என்று ஆகிவிட்டது. மலையிலும் அதையே கொண்டுபோய் வைக்கிறோம்.

கொல்லிமலை, சவ்வாது மலை, கல்வராயன் மலை, சிறுமலை, பழனி மலை என்று நம்மிடமும் மேட்டில் ஊரும் பள்ளத்தில் ஓடையுமாக எத்தனையோ இடங்கள் உண்டு. அங்கே இருப்பவர்களிடமும், அங்கே வேலை செய்யும் ஆசிரியர், பொறியாளர், ஊராட்சித் தலைவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோடையின் கடைசி வாரத்தில், நீர் மிகக் குறைந்திருக்கும்போது, ஓடைக்குப் போங்கள். ஒரு வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். ஓடை எத்தனை மீட்டர் இறங்குகிறது, ஊர் எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். இந்த மூன்று எண்களையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பம்ப் ஓடுமா, ஓடினால் வீட்டுக்கு எத்தனை குடம் என்று அதிலேயே கணக்குப் போட்டுவிடலாம்.